நாலாவது சீட்டு

"இப்பல்லாம் யாரு பெரியவங்களக் கேட்டுச் செய்யுறா? போன்ல நாலு தட்டுத் தட்டி டிக்கெட் எடுத்துடுறது. அப்புறம்தான் வந்து காலணி அளவு கேக்குறது."

நல்லசாமி முணுமுணுத்தபடியே கால்களை நீட்டிக் காட்டினார். மலேசியாவின் பத்தாங் காலியில், மகள் திலகாவின் வீட்டுக் கூடத்தில் மூன்று பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. மருமகன் கணேஸ்வரன் அவர்கள் போகவிருந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நார்வேயின் வடகோடிக் கடற்கரையாம். பனிக்காலத்தில் சூரியன் தலையே காட்டாதாம். நடுப்பகலில் வானம் கொஞ்சம் வெளுக்குமாம், அவ்வளவுதான்.

கிழவர் நம்பவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்தவர் அவர். அங்கேகூடப் பால் எடுக்க மரம் வெட்டப் போகும் நேரத்துக்கு விடிந்துவிடும். விடியாத ஊரில் மனிதன் எப்படிப் பிழைப்பான்?

"மார்கழியில எவனாச்சும் பயணம் கெளம்புவானா? சித்திரையில போலாம் லா. குளிராவது கொறையும்."

"இல்லப்பா, மார்கழியிலதான் போகணும். நீங்க வராம முடியாது," என்றாள் திலகா, பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

முகுந்தனுக்காகத்தான் அவரும் சம்மதித்திருந்தார். ஒரே மகன். கோலசிலாங்கூரில் மீன்படகு ஏறியவன், ஊர் ஊராய்த் தாவிக் கடைசியில் அந்தப் பனிக்கடல் கப்பலில் போய் ஒட்டிக்கொண்டான். போன தீபாவளிக்கு ஒரு போன் இல்லை. அதற்கு முந்தின தீபாவளிக்குப் பேசியதோடு சரி. காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவதாக நல்லசாமி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ரவாங் கடையில் தமக்கு ஒரு குளிர்ச்சட்டையும் அவனுக்கு அதைவிடத் தடித்ததாக ஒன்றும் தாமே தொட்டுப் பார்த்து எடுத்திருந்தார்.

"மாப்பிள்ள, திரும்பி வர்றதுக்கு நாலு சீட்டுதான போட்டிருக்கீங்க?"

கணேஸ்வரன் மனைவியைப் பார்த்தான். "மூணுதான் மாமா."

"அப்ப அவன் எதுல வருவான்? நீந்தியா வருவான்?"

திலகாவின் கை நின்றது. பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, அப்பாவின் துணிகளுக்கு நடுவே செருகினாள். அவர் விடவில்லை. குனிந்து எடுத்துப் பிரித்தார்.

கறுப்பு எள்.

"அந்தத் தண்ணியில நீங்கதாம்ப்பா எள்ளு எறைக்கணும்," என்றாள் மெதுவாக. "கப்பல் முழுகி இந்த மார்கழியோட வருஷம் ஆவுது. தம்பிக்குத் தெவசம் குடுக்காம எப்படிப்பா?"

"ஒடம்பக் காட்டுனானா எவனாச்சும்? நாலாவது சீட்டப் போட்டுட்டுச் சொல்லு, வரேன்."

பொட்டலத்தை அவள் கையிலேயே திணித்துவிட்டு, மகனுக்கு எடுத்த அந்தத் தடித்த சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் இறங்கி நடந்தார் நல்லசாமி.