வெட்டிய அடைமொழிகள்

“உட்காருங்கம்மா, கதையா?” என்றபடியே தாளை வாங்கினார், கண்டி வாரப் பத்திரிகையின் ஆசிரியர் வில்பிரட். புஷ்பம் பதில் சொல்வதற்குள் அவருடைய சிவப்புப் பேனா ஓடியது.

“‘மெலிந்த, மாநிறமான, இடது புருவத்தில் தழும்புள்ள, லேசாகத் திக்கிப் பேசும் பையன்.’ எதுக்கும்மா இத்தனை அடைமொழி? ‘பையன்’ போதும்!”

“சார்...”

“புதுசா எழுதுறவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். சரி, நாவலப்பிட்டி ஸ்டேஷன்ல ரயில் ஏறுறான். அப்புறம்? முடிவையே எழுதலையே?”

“தெரியலீங்க சார்.”

“எழுதுன உங்களுக்கே தெரியலையா?”

“இது கதை இல்லீங்க. ‘காணவில்லை’ விளம்பரம். எம்மவன் சார்.”

பேனா நின்றது.

“பையனுங்க நாடு பூரா இருக்காங்க சார்” என்றாள் புஷ்பம். “நீங்க வெட்டுனதுதாங்க எம்மவன்.”