வடகிழக்கு மூலை

“அஸ்திவாரக் கணக்கு ஏட்டுல ஒரு பக்கத்தைக் காணோம் சார். யாரோ கிழிச்சிருக்காங்க!” என்று லோரன்ஸ் போட்டு உடைத்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். ஆனாலும் பழி தன் தலையில் விடிவதற்குள் முந்திக்கொள்ள வேண்டாமா?

பதினாறு மாடி இரும்புக் கட்டடம். சிகாகோ சேற்றில் எல்லாக் கட்டடமும்தான் இறங்கும்; சமமாக இறங்கினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. இதிலோ வடகிழக்கு மூலை மட்டும் நான்கு அங்குலம் கூடுதலாக இறங்கிச் சுவர் வாய் பிளந்துவிட்டது. அந்த மூலையில் இருந்த இரும்புப் பெட்டக அறையின் எடையை அஸ்திவாரக் கணக்கில் சேர்க்க யாரோ மறந்திருந்தார்கள்.

கட்டட முதலாளி ஹாவர்ஸ்டாக் மேசையைக் குத்தினார். அவர் கையில் இன்னும் துக்கத்துக்கான கறுப்புப் பட்டை. ஒரே மகன் வெஸ்லி டைபாய்டில் போய் மூன்று மாதம்தான் ஆகிறது.

“அந்தப் பக்கம் எங்கேய்யா?”

கட்டடத்தை வடிவமைத்தவரும் லோரன்ஸை வேலைக்கு வைத்தவருமான தார்ன்டைக் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கொடுக்கவில்லை. கணப்பு அடுப்பைத் திறந்து உள்ளே போட்டார்.

“தப்பு என்னோடது. ஜாக்கி வெச்சு மூலையைத் தூக்கிடலாம்.”

“என் கண்ணு முன்னாலயே அத்தாட்சியை எரிக்கிறியா? தொழில் கத்துக்கட்டும்னு என் பிள்ளையைப் போயும் போயும் உன்கிட்டயா அனுப்பினேன்! அவன் இருந்திருந்தா இந்தத் தப்பை நடக்க விட்டிருப்பானா?”

“விட்டிருக்க மாட்டான்.”

“நான் அடுத்துக் கட்டப்போற இருபது மாடி உனக்குக் கிடையாது. இனிமே இந்த ஊர்ல ஒரு கோழிக்கூடு கட்டக்கூட உன்னை எவனும் கூப்பிட மாட்டான்!”

ஹாவர்ஸ்டாக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

லோரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இருபது வருஷமாச் சேர்த்த பேரு போச்சே சார்! தப்பைத்தான் ஒத்துக்கிட்டீங்களே, அப்புறம் தாளை எதுக்கு எரிச்சீங்க?”

தார்ன்டைக் நாற்காலியில் சரிந்தார்.

“சரிபார்க்காம விட்டது நான்தானே, அதுல பொய் இல்ல. கட்டடம் இறங்கினா ஜாக்கி இருக்கு, லோரன்ஸ். அந்த மனுஷன் இடிஞ்சு போனா எதை வெச்சுத் தூக்குறது? அந்தக் கணக்கைப் போட்டது வெஸ்லி.”