கண் மூடிய படம்

பீரோவுக்குள், பழைய பிலிம் கேமராவின் பக்கத்தில் இருந்த டிஜிட்டல் கேமரா விசும்பியது.

"என்ன தம்பி?"

"தங்கப்பழம் ஐயா போயிட்டாரு. சுவத்துல மாட்ட, சிரிச்ச படமா அவர் மகள் தேடுறாங்க. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல, அண்ணே."

"ஆயிரக்கணக்குல எடுத்தியே!"

"சிரிச்சா அவருக்குக் கண்ணு மூடிக்கும். 'கண்ணை மூடிட்டீங்கப்பா, இன்னொண்ணு'ன்னு அப்பவே அழிச்சிருவாங்க. மிச்சமெல்லாம் விறைப்பா முழிக்கிற படம்."

"நானும் அப்படிச் சிரிச்ச படம் ஒண்ணு எடுத்தேன். பிரிண்ட் போட்ட பிறகுதான் கண் மூடியிருந்ததே தெரிஞ்சது. என்னைத் திட்டிக்கிட்டே ஆல்பத்தோட கடைசிப் பக்கத்துல ஒட்டிட்டாங்க."

வெளியே ஆல்பம் புரளும் சத்தம் நின்றது. "அப்பா!" என்று மகள் உடைந்து அழுதாள். பிறகு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

டிஜிட்டல் கேமரா மெல்லச் சொன்னது: "என்னைப் பார்த்துத்தான் அண்ணே அவர் அதிகமாச் சிரிச்சாரு."