பெரியவளா, சின்னவளா

"பெரியவளையே அனுப்பிடலாம். அக்காளும் நானும் பேசி முடிச்சாச்சு" என்றான் அப்புசாமி.

முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த கண்ணாத்தாள் நிமிரவில்லை.

"சின்னவளைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாள் திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தாள்.

அவள் ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்குச் சொந்தமாக ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி, பெரிய வீடு. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் குழந்தை இல்லை. தாயில்லாத அப்புசாமியைத் தூக்கி வளர்த்தது அவள்தான். "உன்ற ரெண்டு பொண்ணுல ஒண்ணை எனக்குக் குடுடா" என்று தை மாதம் அழுதுகொண்டே கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை. கண்ணாத்தாளும் சம்மதித்தாள். எழுபத்தெட்டாம் வருடம், வைகாசி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அழைத்துப்போகலாமென்று சேந்தமங்கலத்துக்கு வந்திருந்தாள்.

"ஏம்புள்ள, உனக்காகத்தானே பெரியவளைக் கேட்டேன்? நீ சந்தோசமாத் தலையாட்டுவீன்னு நெனச்சேன்" என்றாள் முத்தாயம்மாள்.

"எனக்காகப் பாக்காதீங்க நங்கை" என்று நாத்தனாரிடம் சொன்னாள் கண்ணாத்தாள்.

அப்போது சின்னவள் வேலுமணி கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு ஓடிவந்தாள். ஐந்து வயது. அத்தையின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "அத்தை, உங்க வளையல் ரொம்ப அழகா இருக்குது!" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடிப்போனாள்.

பின்னாலேயே பெரியவள் சௌந்திரம் வந்தாள். எட்டு வயது. ஒரு சொம்புத் தண்ணீரை அத்தையின் அருகில் வைத்தாள். முத்தாயம்மாள் ஆசையோடு அவள் தலையைத் தடவினாள். பிள்ளை விறைத்து நின்றது. கையை எடுத்ததும் வெளியே போனது.

"பாத்தியா? யாருகிட்டயும் ஒட்டாத புள்ள. சின்னவ இல்லாம உன்னால இருக்க முடியுமா? பெரியவளை அனுப்பினா, அத்தை வீடுதானேன்னு ஊருலயும் உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"ஒட்டாத புள்ளைன்னு சொல்லாதீங்க" என்று கண்ணாத்தாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "பங்குனியில எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கெடந்தேன். சின்னவ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. பெரியவ ரூமுக்குள்ளயே வரல."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"விடிஞ்சு பாத்தா வாசல் கூட்டியிருக்கும். எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊறியிருக்கும். என்ற தலைமாட்டுல சுடுதண்ணி இருக்கும். யாரு செஞ்சதுன்னு கேட்டா அவ வாயே தொறக்கல. அவளுக்குப் பாசம் கையில இருக்குது நங்கை, வாயில இல்ல."

முத்தாயம்மாள் அருகிலிருந்த சொம்பைப் பார்த்தாள்.

"அவகிட்டப் பாசம் காட்டுறதுக்கும் ஒரு வழி இருக்குதுங்க. தூக்கிக் கொஞ்சுனா விலகிப் போயிருவா. நான் கடலை உரிக்கையில பக்கத்துல ஒரு மணையைப் போட்டுட்டுச் சும்மா இருப்பேன். அவளா வந்து உக்காருவா. கொஞ்ச நேரங் கழிச்சு அவ முட்டி என்ற முட்டியில வந்து படும். அவ்வளவுதான். அன்னைக்குப் பூரா மூஞ்சி தெளிச்சலா இருக்கும். இதைக் கண்டுபுடிக்க எனக்கே பல வருசமாச்சு."

"நானும் கண்டுபுடிச்சுக்க மாட்டனா?"

"பதினஞ்சு வருசம் காத்திருந்தவங்க நீங்க. கட்டிப்புடிக்கிற புள்ள வேணுமுங்க உங்களுக்கு. அவ விலகி நின்னா உங்க மனசு ஒடிஞ்சு போயிரும். நம்மளை யாருக்கும் வேண்டாம்னு அவளும் உள்ளுக்குள்ளயே கருகிருவா. சின்னவ அப்படியில்ல. எங்க போனாலும் சிரிச்சு வாங்கிக்குவா, அள்ளிக் குடுப்பா. நாலே நாள்ல உங்களை அம்மான்னு கூப்பிடுவா."

கண்ணாத்தாள் முறத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு, "சின்னவதான் போறா. இல்லீன்னா ரெண்டு பேரும் போகல" என்றாள்.

அப்புசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னவளின் துணிகளை மூட்டை கட்டப் போனான்.

மறுநாள் காலை ராசிபுரம் பஸ் வந்து நின்றது. வேலுமணி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கண்டக்டரிடம் பேச ஆரம்பித்திருந்தாள். சௌந்திரம் ஜன்னலோரமாகப் போய், தங்கையின் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். "வாந்தி வந்தா மோந்து பாரு" என்றாள். அது பெரியவர்கள் யாருக்குமே தோன்றாமல் போயிருந்தது. பிறகு தள்ளிப்போய்ப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புசாமி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தான். படியில் கால் வைத்த முத்தாயம்மாள் திரும்பி இறங்கி, கண்ணாத்தாளின் கையைப் பிடித்தாள். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மாத்தி அனுப்பு. எப்படிப் புள்ள மனசு வந்துச்சு உனக்கு? வயிறு எரியலையா?"

"எரியுதுங்க நங்கை" என்றாள் கண்ணாத்தாள், கண்ணைத் துடைக்காமல். "ஆனா சின்னவளுக்குத்தான் நான் பெத்தவ. பெரியவளுக்கு ஒருக்கா அம்மா செத்தது போதுமுங்க."