மாமி கொடுத்த மருந்து

நஸீறா தன் மருமகன் அர்ஹமுக்கு மருந்து கொடுத்து மயக்கி வைத்திருக்கிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு.

இல்லாவிட்டால் முப்பது வயது ஆம்பிளை, கந்தோரில் வேலை செய்கிறவன், மாமி சொல்வதற்கெல்லாம் இப்படித் தலையாட்டுவானா?

விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் அர்ஹமைக் கடற்கரைக்கு அனுப்புவாள். வீட்டில் மோட்டர் சைக்கிள் நிற்கும். ஆனால் நடந்துதான் போகவேண்டும், நடந்துதான் வரவேண்டும். மீன் வாங்கி வந்தானா என்று கேட்பதும் இல்லை. லீவு நாளில் பகலில் சாய விடமாட்டாள். மண்வெட்டியைக் கொடுத்து வளவுக்குள் இறக்கிவிடுவாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனுக்குத் தேத்தண்ணி கிடையாது. பத்து மணியானால் அவனுடைய போன் மாமியின் அறைக்குப் போய்விடும்.

நிந்தவூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வந்தவனுக்கு மாமிமார் விடிய எழும்பி முட்டைக் கோப்பி அடித்துக் கொடுப்பார்கள். இவளோ வேலை வாங்குகிறாள். தட்டிக் கேட்கப் புருஷனும் இல்லை. மௌத்தாகி ஆறு வருடம்.

"என்ன மாப்புள, சைக்கிளுக்கு மாமி பூட்டுப் போட்டுட்டாவா?" என்று தெருமுனைக் கடையில் கேட்பார்கள். அவன் சிரித்துவிட்டுப் போவான்.

மருந்துப் பேச்சைத் தொடக்கியது என் மனைவி. எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் அவர்கள் குசினி தெரியும். காலைச் சாப்பாடு முடிந்ததும் நஸீறா அவன் உள்ளங்கையில் எதையோ வைப்பாளாம். அவன் விழுங்கும்வரை தண்ணிக் கோப்பையோடு நிற்பாளாம். அவன் பெண்சாதி சிபானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளாம்.

நான் நம்பினேனா? நம்பவில்லை என்று சொல்லத்தான் இப்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் அவன் ஊரான பாலமுனைக்குப் போன் எடுத்து அவனுடைய உம்மாவிடம் சொன்னது நான்தான். சம்பந்தம் பேசி முடித்தவன் என்பதால், அது என் கடமை என்று நினைத்தேன்.

சபியா உம்மா மறுநாளே ஓட்டோவில் வந்து இறங்கினார். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நஸீறா வீட்டுக்குள் போனார். கதிரை இழுத்துப் போட்டும் அமரவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டார். நடக்க வைப்பது, மண்வெட்டி, போனைப் பறிப்பது, மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை லீவு போடவைத்து எங்கேயோ கூட்டிக்கொண்டு போவது. நஸீறா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். காரணம் மட்டும் சொல்லவில்லை.

"அப்ப, என்ட புள்ளைக்கு நீ என்ன குடுக்காய்? இந்தத் தம்பிட பொஞ்சாதி கண்ணால கண்டிருக்கா."

நஸீறா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். குற்றமுள்ளவர்கள் இப்படித்தான் விழிப்பார்கள் என்று நினைத்தேன்.

"என்னை என்னண்டாலும் சொல்லுங்க மதினி," என்றாள். "தெருவுக்குக் கேக்கக் கதைக்க வேணாம்."

"அர்ஹம், உடுப்ப எடு. நம்மட ஊட்ட போவம்."

சிபானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூன்று மாதம். இந்தக் கோபத்தில் போனால் சபியா உம்மா மகனைத் திருப்பி அனுப்பமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அர்ஹம் அறைக்குள் போனான். பெட்டியோடு வருவான் என்று பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியோடு வந்தான்.

"வேணாம் மனே," என்றாள் நஸீறா, என்னைக் காட்டி. "காக்கா இருக்கார்."

"இருக்கட்டும் மாமி."

கொப்பியை உம்மாவின் கையில் வைத்தான்.

"மருந்துதான் உம்மா. இது தெரிஞ்சா ஆரும் பொண்ணு தரமாட்டாங்க எண்டு கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முந்தி நீங்க நிப்பாட்டின அதே குளிசை."

சபியா உம்மா கொப்பியைத் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றதை அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். கலியாணமாகி நாலாம் மாதம் நோய் திரும்பி வந்தது. பத்து நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. உசிரோடு இருக்க விருப்பமில்லை என்று முதலில் மாமியிடம்தான் சொன்னான். மாமிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெளியில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தாள். குளிசை மட்டும் போதாது, தினமும் நடக்கவேண்டும், நேரத்துக்குப் படுக்கவேண்டும், உளவளத்துணையாளரிடம் வந்து மனம் திறந்து கதைக்கவேண்டும் என்று அங்கே சொன்னார்கள். தனியாக அவனால் எதுவும் முடியாமலிருந்தது.

"குளிசைய விழுங்காம ஏமாத்துவன், பக்கத்தில நில்லுங்க மாமி எண்டு கேட்டது நான்தான்," என்றான்.

நான் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே எனக்கு இனி என்ன வேலை என்று தெரியவில்லை.

சபியா உம்மா அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். கொப்பியின் மட்டையைத் தடவினார்.

"மறைச்சிக் கட்டிவச்சமெண்டு எங்கள நீ பள்ளிவாசல் விசாரணைக்கு இழுத்திருக்கலாமே," என்றார்.

நஸீறா அவருக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தாள்.

"அதுக்கெங்க மதினி நேரம்? வாற வியாழன் கிளினிக். சின்ன வயசில எப்பிடி இருந்தவர், எப்ப தொடங்கின எண்டு கேக்காங்க. மாமி எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீங்களும் வாங்க."