நாலாவது டின்

அலமாரியின் கடைசித் தட்டில் மிச்சமிருந்த ஒரே பால் பவுடர் டின்னை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள் அவள்.

புயல் மறுநாள் மதியம் கரையைத் தொடும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான், ஊரே கடைக்குள் வந்து விழுந்துவிட்டது. ரொட்டி காலி. மெழுகுவர்த்தி காலி. ஒரு பெரிய மனிதர் ஆறு பாக்கெட் உப்பை அள்ளிக்கொண்டு போனார். அவர் வீட்டில் உப்பை மட்டுமே தின்னப் போகிறார்களோ என்னவோ.

கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. பால் பவுடர், வந்திருக்கும் ஆளுக்கு ஒரு டின் மட்டும்.

ஒரே வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து அள்ளிப் போகாமலிருக்க ஒரு நோட்டும் வைத்திருந்தார்கள். வீட்டு எண், வந்தவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுத்தால்தான் டின்.

அவளுக்கு ஒரு டின் போதும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் மகளுக்கு இரண்டரை வயது. பழைய டின்னின் அடியைச் சுரண்டி, காலையிலேயே கரைத்துக் கொடுத்தாயிற்று. புயல் அடித்தால் நாலு நாளைக்குப் பால் வண்டி எட்டிப் பார்க்காது.

வரிசை நகரவே இல்லை. என்னதான் நடக்கிறது என்று தலையை நீட்டிப் பார்த்தாள். கல்லாவின் முன்னால் நின்ற முதுகை அவளுக்குத் தெரியும்.

மாமியார். பக்கத்தில் நாத்தனார். அந்தப் பக்கம் அவன்.

அவன் என்றுதான் இப்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். புருஷன் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

வயிற்றில் ஐந்து மாதத்தோடு அவளை வெளியே அனுப்பிய குடும்பம். பிள்ளைக்கு ஒரு வழி கேட்டு அவள் வழக்குப் போட்டபோது, இவள் யாரென்றே தெரியாது, அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்று கோர்ட்டில் கூசாமல் சொன்னவர்கள். தெருவில் எதிரே வந்தால் மாமியார் அந்தப் பக்கம் தாண்டிப் போய்விடுவாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு பேத்தியின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவர்களுடைய தள்ளுவண்டியில் நாலு டின் இருந்தது. ஆள் மூன்று. கல்லாவில் இருந்த பெண் ஒரு டின்னை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மாமியார் விடுகிற ஆளா? சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்வை வரிசையில் இறங்கி வந்து இவள்மேல் நின்றது.

"நாலாவது ஆள் அதோ நிக்கிறா பாருங்க. அவளும் நம்ம வீட்டு ஆளுதான்."

கடையே திரும்பிப் பார்த்தது.

நம்ம வீட்டு ஆளு.

பிரசவ வார்டில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபோது கிடைக்காத வார்த்தை. கோர்ட் வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது கிடைக்காத வார்த்தை. பால் பவுடர் வரிசையில் வந்து கிடைத்தது. வெட்கம் கெட்ட மனசு, கேட்டதும் குளிர்ந்துபோயிற்று.

அந்த நாலாவது டின் பேத்திக்குத்தான் என்று அதுவே முடிவும் கட்டிவிட்டது. பின்னே? அந்த வீட்டில் பால் குடிக்கிற வயதில் யார் இருக்கிறார்கள்? வெளியே போனதும் மாமியார் வாசலில் நிற்பாள், டின்னைக் கையில் கொடுப்பாள், பிள்ளை எப்படி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்பாள்.

கல்லாவில் இருந்த பெண் இவளைப் பார்த்து, அப்படியா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அவன் மட்டும் திரும்பவே இல்லை. கல்லாவின்மேல் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். படட்டும், அந்த மட்டுமாவது இருக்கிறதே என்று நினைத்தாள்.

நாலு டின்னும் பைக்குள் போயின. மூன்று பேரும் வெளியே போனார்கள்.

அவள் முறை வருவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவர்களுடைய கார் நின்ற இடத்தில் வேறொரு கார் வந்து நின்றது. காற்றுக்குப் பயந்து தள்ளி நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கையிலிருந்த டின்னைக் கல்லாவின்மேல் வைத்தாள். அந்தப் பெண் அதைத் தொடவில்லை.

"உங்க டின்னைத்தான் அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்மா. எழுதியே கொடுத்திருக்காங்க, பாருங்க."

சொல்லிவிட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பின்னால் நின்றவர், இதற்காகவே காத்திருந்ததுபோல, டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நோட்டில் இருந்தது இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த எழுத்தில் வந்த கடிதங்களைத்தான் கல்யாணத்துக்குச் சாட்சியாகக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படியானால் அவன் குனிந்தது எழுதுவதற்கு.

வீட்டு எண். அதற்குக் கீழே அம்மா, மகன், மகள் என்று வரிசையாக மூன்று வரி.

நாலாவது வரியில் வேலைக்காரி என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தான்.