வாடகைக்காரி

டுவெய்ன் பெட்டியைத் திறந்து கவுண்ட்டர்மீது வைத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

உள்ளே ஒரு கைத்துப்பாக்கி. புத்தம் புதிது. பக்கவாட்டில் என் பெயர், ரோவீனா, பூ வேலைப்பாட்டோடு பொறித்திருந்தது.

"இதுக்குன்னே டல்லாஸுக்கு அனுப்பிப் பொறிச்சு வாங்கினோம்க்கா," என்றான். இந்தத் துப்பாக்கிச் சுடுதளம் அவனுடையது.

சனிக்கிழமைதோறும் இங்கே வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்காக வாங்கியது. காலைப் போட்டியில் அவர்கள் அத்தனை பேரையும் தோற்கடித்தவள் நான். அதுவும் சுவரில் தொங்குகிற வாடகைத் துப்பாக்கியை வைத்து. பிடி தேய்ந்து வழவழத்துப்போன நாலாம் நம்பர். ஆனால் நான் தோற்றிருந்தாலும் இந்தப் பெட்டி வந்திருக்கும். நல்ல மனசுக்காரர்கள். அதுதான் தொல்லை.

டெக்சஸில் எங்கள் பக்கத்தில் ஆண்கள் தங்கள் துப்பாக்கிக்குப் பெயர் வைப்பார்கள். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் அதற்கு எண்ணெய் போட மறக்க மாட்டார்கள். வாடகைத் துப்பாக்கி அவர்களுக்கு பௌலிங் ஆடுகிற இடத்தில் வாடகைக்குத் தருகிற ஷூ மாதிரி, கண்டவனும் கால் விட்டது. அதனால் எனக்கு வாடகைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள். நானும் முகத்துக்கு நேரே ஜெயித்துக் காட்டுவேன்.

என் கணவன் லீலண்டையும் அவர்கள் விட்டுவைத்ததில்லை.

சொந்தத் துப்பாக்கி இல்லாமல் தனியாக வருகிறவருக்கு இங்கே வாடகைக்குத் தர மாட்டார்கள். கூட ஓர் ஆள் வர வேண்டும். தனியாக வந்து கேட்கிறவர் குறி அட்டையைத்தான் சுடுவார், தன்னையல்ல என்று என்ன நிச்சயம்? அந்த விதிக்காகத்தான் லீலண்டை நான் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர்களுக்கு நினைப்பு. அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். சுடுகிற பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். வெடிச் சத்தத்துக்குப் பயந்தவன் என்று சிரிப்பார்கள். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தது போன வருடம்தான். அவனைப் பற்றி இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"எடுத்துப் பாரேம்மா," என்றார் ஹாலிஸ். கூட்டத்திலேயே மூத்தவர். இந்த ஏற்பாடு அவருடையது என்பது முகத்திலேயே தெரிந்தது. "இனிமே எந்தப் பய உன்னை வாடகைக்காரின்னு கூப்பிடுவான், பாப்போம்."

எடுத்தேன். கைக்குள் அப்படியே அடங்கியது. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அது என் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஒரு ராத்திரிகூட அது அங்கே தங்கக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதை இந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று சொல்ல என்னால் முடியாது.

"ரொம்ப நன்றி. ஆனா நான் இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல," என்றேன்.

பின்வாசலில் புகையில் வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சியைப் பார்க்கப் போனவன்கூடத் திரும்பி வந்து நின்றான்.

ஹாலிஸின் முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. வேண்டாம் என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி.

"ஏன், எங்க கையால குடுத்தா கசக்குதோ? இல்ல, உன் புருஷன் பயந்துக்குவானோ?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது.

"டுவெய்ன், இதை அந்தச் சுவத்துல மாட்டு. நாலாம் நம்பருக்குப் பக்கத்துலயே மாட்டு. சனிக்கிழமை வர்றேன், வாடகை தர்றேன், சுடறேன், திருப்பி மாட்டிட்டுப் போறேன்."

"உன் பேர் போட்ட துப்பாக்கிக்கு நீயே வாடகை தருவியா?"

"தருவேன். உங்களுக்கு என்ன நட்டம், பெரியவரே? வாடகைக்காரின்னு இன்னும் சத்தமாவே கூப்பிடுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவ்வளவு அன்பாக வாங்கித் தந்தவர்கள் முன்னால் அப்படிப் பேசியது எனக்கே கஷ்டமாக இருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனாலும் கவுண்ட்டரை விட்டு நகரவில்லை. பிடித்த பிடியை நான் எப்போதும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போது பெஞ்சிலிருந்து லீலண்ட் எழுந்து வந்தான். இத்தனை மாதத்தில் அவன் கவுண்ட்டர் பக்கம் வந்ததே இல்லை.

கையை நீட்டி என்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கினான். நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டா மேகசினை உருவினான். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்த்தான். விரலை விட்டுத் தடவியும் பார்த்தான். ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் குழலைத் திருப்பி, கவுண்ட்டர்மேல் வைத்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்த வேகம் கிடையாது. பட்டாளத்தில் பழகிய கை.

"அவ சொன்னபடி செய், தம்பி," என்றான் டுவெய்னிடம். "ஆனா சுவத்துல வேண்டாம். உள்ள பூட்டி வை. சாவி எங்க இருக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."